கம்ப்யூட்டர் முன் அமர்ந்தாலும் கூலி உழைப்பே!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடன்பட்டு எஞ்சினியரிங் படிக்கவைத்த நம் பிள்ளைகளில் சிலர், பெங்களூரில் முதலீட்டு பாங்கு ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்கு இண்டர்வியூ என்று புறப்படுகிறார்கள். அது என்ன பாங்கு? அங்கே என்ன வேலை? அந்த வேலை கிடைத்தால் அவர்கள் நம் வர்க்கத்தை விட்டுப் போய்விடுகிறார்களா? இதைப் பற்றி நாம் இன்று பேசுவோம்.

நாம் சிறுவாடு போட்டு வைக்கும் பாங்கு அல்ல அது. பெரிய கம்பெனிகளின் பங்குகளை விற்றுக் கொடுப்பதும், கம்பெனியோடு கம்பெனியை இணைத்து வைப்பதும், பங்கும் கடன் பத்திரமும் வாங்கி விற்பதுமே அதன் தொழில். ஒரு காலத்தில் கூச்சலும் கையசைப்புமாக நடந்த அந்த வியாபாரத்தில் பெரும்பகுதி இன்று கண் இமைப்பதற்குள் கம்ப்யூட்டரில் முடிகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவதே இவர்கள் வேலை. நியூயார்க்கின் கோல்ட்மன் சாக்ஸ் 2004-இல் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. நம்மேல் உள்ள பிரியத்தாலா? அதே வேலையை அங்கே கொடுக்கும் சம்பளத்தைவிடக் குறைந்த சம்பளத்தில் இங்கே வாங்கலாம் என்பதால்தான்!

இண்டர்வியூ ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் பரீட்சை, பிறகு பல சுற்றுக் கேள்விகள். "இந்தக் கணக்குக்குப் புரோகிராம் எழுது. இன்னும் வேகமாக ஓடும்படி மாற்று" என்று குடைவார்கள். வேலை தெரிந்தவரைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. வேலை நேரம் எவ்வளவு? போனஸ் உரிமையா, எஜமானர் மனம்போல் தருவதா? விலகினால் எத்தனை மாத நோட்டீஸ்? எழுதிய புரோகிராம் யாருக்குச் சொந்தம்?

கடைசிக் கேள்வியின் கனத்தைச் செர்கே அலேனிகோவின் கதை காட்டும். ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்ற புரோகிராமர் அவர். 2007 முதல் 2009 வரை கோல்ட்மன் சாக்ஸில் வேலை செய்தார். வேறு கம்பெனிக்குப் போகும்போது புரோகிராமின் சில பகுதிகளைப் பிரதி எடுத்தார். பொதுவில் கிடைக்கும் பகுதிகளையே எடுக்க நினைத்ததாக அவர் சொன்னார். பாங்கு புகார் கொடுத்தது. 2009 ஜூலையில் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். 2011-இல் 97 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கழித்த பின், வழக்குப் போட்ட சட்டம் இச்செயலுக்குப் பொருந்தாது என்று 2012-இல் மேல்கோர்ட் விடுவித்தது. அதோடு விட்டார்களா? மாநிலச் சட்டப்படி மறுபடி வழக்கு! 2018-இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் அவர் குற்றவாளியே என்று உறுதி செய்தது.

அவர் செய்தது சரியென்று நாம் வாதாடவில்லை. ஆனால் அந்த வழக்கு சொல்லும் நியாயம் நமக்குப் புதிதல்ல. நூல் நூற்றவர் மில் வாசலில் சோதனைக்கு நிற்கிறார். நெல் அறுத்தவர் களத்தில் கூலிக்குக் காத்திருக்கிறார். லட்ச லட்சமாகச் சம்பளம் வாங்கினாலும், படைத்த பொருள் படைத்தவருக்குச் சொந்தமில்லை.

பெரிய சம்பளமாவது நிலையானதா? 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானது. சுமார் 25,000 ஊழியர்கள் அங்கே இருந்தனர். ஊதியத்தின் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்குகளாகப் பெற்றவர்கள் கையில் மிஞ்சியது வெறும் காகிதம்! அடுத்த மாதமே கோல்ட்மன் சாக்ஸுக்கு அமெரிக்க சர்க்கார் 1,000 கோடி டாலர் பொதுப் பணம் கொடுத்தது. மறு ஆண்டு அது திருப்பிக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் ஆபத்தில் கைகொடுக்க முதலாளிக்குச் சர்க்கார் இருந்தது. வேலையிழந்த ஊழியனுக்கு யார் இருந்தார்கள்?

தோழர்களே! பாங்கு குமாஸ்தாக்களையும் ஒரு காலத்தில் "நீங்கள் கௌரவமான உத்தியோகஸ்தர்கள், சங்கம் எதற்கு?" என்றுதான் கேட்டார்கள். அவர்கள் 1946-இல் கல்கத்தாவில் அகில இந்திய பாங்கு ஊழியர் சங்கத்தை அமைத்துப் பதில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஊழியர்களும் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-இல் தமிழ்நாடு சர்க்கார் தெளிவுபடுத்தியது.

இண்டர்வியூவுக்குப் புறப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம், வாழ்த்தி அனுப்புவோம். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்வோம். வேலையில் சேர்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசச் சொல்வோம். சங்கம் என்பது அந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது. மில்லிலும் வயலிலும் நாம் கற்ற பாடம் இது. இதைவிடப் பெரிய சீதனம் அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் வேறு இல்லை!