சேமிப்பு யாருக்காக?



தண்ணீரைச் சேமியுங்கள், மின்சாரத்தைச் சேமியுங்கள், எரிபொருளைச் சேமியுங்கள் என்று சுவர்களும் பேருந்துகளும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். அலைபேசியில் எண்களைச் சேமித்து வைத்திருக்கிறோம். நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல் நம்மிடம் என்ன கேட்கிறது என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

‘சேமம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது ‘சேமி’. சேமம் என்றால் நலம், பாதுகாப்பு. முன்பெல்லாம் கடிதத்தின் தொடக்கத்தில் ‘இங்கு யாவரும் க்ஷேமம்’ என்று எழுதுவார்களே, அதே சொல்தான். ஆகவே சேமிப்பது என்றால் சேர்த்துக் குவிப்பதன்று. ஒருவருடைய நலனுக்காக ஒன்றைக் காத்து வைப்பது. கூரையில் விழும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குகிறோம். அதனால் நம் கிணறு மட்டுமா ஊறுகிறது? பக்கத்து வீட்டுக் கிணறும் அல்லவா ஊறுகிறது! அதுதான் சேமிப்பு.

விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா கிடைக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மோசே. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சிலர் அதை எடுத்து வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் புழுத்து நாறுகிறது. ஆனால் ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளில் இரண்டு பங்காகச் சேர்த்து வைத்தது கெடவில்லை. அதே மன்னா, அதே ஒரு இரவு. அவநம்பிக்கையோடு பதுக்கியது புழுத்தது. இறைவன் சொற்படி காத்து வைத்தது உணவாயிற்று.

யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் பெருங்கூட்டத்தின் பசியைத் தீர்க்கின்றன. எல்லாரும் வயிறார உண்ட பிறகே, ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி இயேசு சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிரம்புகின்றன. முதலில் பந்தி, பிறகு கூடை. நம் வீடுகளில் இந்த வரிசை மாறிப்போவதுண்டு.

‘மிச்சம்’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அதையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். தேவையில்லாமல் எரியும் விளக்கை அணைத்தால் மிச்சம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் கூலியில் நூறு ரூபாயைக் குறைத்தால்? அது மிச்சமன்று, நம் பையிலிருக்கும் அவருடைய பணம். மீந்த சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் குப்பையில் கொட்டினால் அதுவும் சேமிப்பாகாது. பெற்ற தாயின் எண்ணை அலைபேசியில் சேமித்துவிட்டு, மாதக்கணக்கில் அழைக்காமலே இருந்தால் அதில் என்ன சேமம்?

உணவை வீணாக்குவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்குச் சமம் என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் எடுத்துரைத்தார். வீணாகும் பொருளுக்கு நாம் விலை கொடுத்திருக்கலாம். அதற்காகப் பசித்திருப்பவர் வேறொருவர்.

மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். திருச்சபையின் பணிகளுக்காக அது சேர்க்கப்படுகிறது. பானையில் ஒரு பிடி குறைந்ததால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கும் பிடியரிசி புதிதன்று. உண்டு முடித்து மீந்ததைக் கொடுப்பதில்லை இது. சமைக்கும்போதே இன்னொருவரை நினைத்துக்கொள்வது.

இந்த வாரம் நம் வீட்டிலும் ஒரு சிறு டப்பாவை அடுப்படியில் வைப்போம். அரிசியாகவோ, நடந்து சென்றதால் மிஞ்சிய பேருந்துக் கட்டணமாகவோ, அதில் போடுவோம். ஆனால் போடுவதற்கு முன்பே அது யாருக்கென்று ஒரு பெயரை முடிவுசெய்துவிடுவோம். பெயர் இல்லாத சேமிப்பு நம்மிடமே தங்கிவிடும்.

இறைவா, நீர் தந்ததை வீணாக்காத கைகளையும், இறுக மூடிக்கொள்ளாத கைகளையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.