மாணவர் நட்பும் ஒரு குறும்படமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டு ஓமந்தூரில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேச வருகிறவர்கள், கழகத்தின் உதவியால் படித்து முன்னேறியவர்களின் பட்டியலை வாசிப்பது வழக்கம். அப்பட்டியலைச் செயலாளர் அவர்கள் முன்னரே வாசித்துவிட்டார்கள். ஆகவே நமக்கு அளிக்கப்பட்ட நேரத்தில், நம் பள்ளி மாணவர்கள் எடுத்த பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். பதினான்கு, பதினைந்து வயதில் நட்பு எவ்வாறு கெடுகிறது என்பது அதன் பொருள். ‘படிக்கிற பிள்ளைகளுக்குச் சினிமா எதற்கு?’ என்று இங்குள்ள சிலர் அப்போதே கேட்டார்கள். கேட்டது நியாயமே.

மதிப்பெண், சான்றிதழ், உதவித்தொகை, விடுதி இவற்றைப் பற்றியே நம் கூட்டங்களில் பேசுகிறோம். நட்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் நம்மவர் கல்வி வரலாற்றைத் திறந்தால் தொடக்கத்திலேயே நட்பு பற்றிய துயரம் ஒன்று இருக்கிறது. இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 1939இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதினார். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அதில் சொல்கிறார். பிள்ளைகளோடு சிநேகமானால் தம் சாதியும் வீடும் தெரிந்துவிடும் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்னரே உள்ளே நுழைவாராம். பள்ளி விட்டதும் மற்றவர் எட்ட முடியாத வேகத்தில் நடந்து வீடு சேருவாராம். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்த பெரியவர், எண்பது வயதில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கையில், பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமற் போனதை மறவாது குறித்திருக்கிறார். அண்ணலின் கோணிச் சாக்கை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். சீனிவாசனாரின் இந்த வேகநடையை அறிந்தோர் குறைவு.

இதனை ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னோம். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்னர்க் காலனிப் பையன் ஒருவன் எழுந்து, “இப்ப நாங்க அப்படி ஓடறதில்லீங்க சார். ஏரிக்கரை வரைக்கும் ஒண்ணாத்தான் சைக்கிள்ல வருவோம். கரை இறங்கினதும் அவன் முன்னாடி போயிடுவான், நான் பின்னாடி வருவேன்” என்றான். குறையாகச் சொல்லவில்லை, பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் குறிப்பிட்ட அந்த நண்பனும் வகுப்பில்தான் இருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குறும்படத்தின் கதை அவ்விடத்தில் பிறந்தது.

கதை மிகச் சிறியது. ஊர்த்தெருப் பையன் ஒருவன், காலனிப் பையன் ஒருவன். இருவருக்கும் ஒரே பெஞ்சு. ஒருவன் கணக்கில் கெட்டி, மற்றவன் பந்து வீச்சில் கெட்டி. மல்லாட்டை பிடுங்கும் நாளில் கொல்லையில் அமர்ந்து பச்சைக் காயைச் சேர்ந்து தின்கிறார்கள். ஊரில் தீமிதித் திருவிழா வருகிறது. வெளியூரிலிருந்து வந்த மாமன், கடைத்தெருவில் இருவரையும் ஒன்றாகப் பார்த்து, “யாருடா இவன்?” என்கிறார். பையன் ஒரு கணம் தயங்கி, “தெரியல மாமா, எங்க ஸ்கூல் போல” என்கிறான். அவ்வளவே. அடி இல்லை, வசை இல்லை. மறுநாள் பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஒரு புத்தகப்பை இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்ட கழகத்து மூத்தவர் ஒருவர், “நம் சனம் பட்ட பாட்டில் இதுவும் ஒரு பாடா?” என்றார். 1978ஆம் ஆண்டு சூலையில் விழுப்புரத்தில் நம்மவர் பன்னிருவர் கொல்லப்பட்டபோது அவர் இளைஞர். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிள்ளைகளிடமே அதனை வைத்தோம். அவர்கள் பேசியது நாங்குநேரியைப் பற்றி. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அரிவாள் வந்தது இறுதியில். அதற்கு முன் ஏவலும் ஏளனமும் நடந்தன. தொல்லை பொறுக்காமல் அவர் பள்ளிக்குச் செல்லாது நின்றதும், ஆசிரியர்களிடம் முறையிட்டதும் நடந்தன. அம்மாணவர் பிழைத்தெழுந்து மறு ஆண்டு தேர்வெழுதித் தேறினார் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் நம் பிள்ளைகள் கேட்டது வேறு: “வெட்டினவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் நடுவுல ஒரு கிளாஸே இருந்திருக்கும் இல்லைங்களா சார்? அவங்கள்லாம் என்ன பண்ணாங்க?”

அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் குழு 2024ஆம் ஆண்டு சூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் வேண்டாம். அகர வரிசைப்படி மாணவரை அமர்த்துக. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வெளிப்படையாகக் கூறாதீர் என்பன போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. யாவும் வேண்டியவையே. கையில் உள்ள கயிற்றை அவிழ்க்க ஆணை பிறப்பிக்கலாம். ‘தெரியல மாமா’ என்ற பேச்சுக்கு எந்த ஆணையும் எட்டாது. அவ்விடத்தில் ஒரு கதை வேலை செய்யக்கூடும் என்று கருதியே படத்துக்கு இசைந்தோம்.

மாணவர் கைப்பேசி கொண்டுவரலாகாது என்பதும் அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. ஆகவே ஆசிரியை ஒருவரின் கைப்பேசியே படக்கருவி ஆயிற்று. காட்சி முடிந்ததும் அதனை வாங்கித் தம் பையில் போட்டுக்கொள்வார். ஏரிக்கரைக் காற்றில் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் மீண்டும் பேசவைத்துப் பதிந்து ஒட்டினார்கள். கோயில் வாயிலில் காட்சி எடுக்க வேண்டாம், கடைத்தெருவே போதும் என்று பிள்ளைகளே முடிவு செய்தனர். இவ்வூரில் பிறந்த ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் அவர்கள் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1947இல், ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. இதே மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில், நம்மவர் வழிபாடு பற்றிய தகராறில், 2023ஆம் ஆண்டு சூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. செய்தித்தாள் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கே நின்று படமெடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

2022ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படம் காட்டும் வழக்கம் வந்திருப்பதை அறிவீர்கள். அதனால் படம் பார்த்துப் பேசும் பயிற்சி பிள்ளைகளுக்கு ஓரளவு இருந்தது. நாம் தனியே ஒரு படத்தைத் தேடிக் காட்டினோம். ஈரான் நாட்டு இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்தது அது. தன் நண்பனின் நோட்டுப் புத்தகம் தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டதைக் கண்ட சிறுவன், அதனைக் கொடுப்பதற்காக அடுத்த ஊருக்கு ஓடி, வீடு வீடாக விசாரிக்கிறான். வீடு கிடைக்கவில்லை. இரவில் நண்பனுடைய வீட்டுப்பாடத்தையும் தானே எழுதிவைக்கிறான். ‘நட்பு’ என்று ஒருவரும் வாய்திறந்து பேசாத படம். அதன் அழகைச் சொல்லிக் கொடுக்க நாம் ஆயத்தமாக இருந்தோம். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி முந்திக்கொண்டாள்: “அந்த ஊர்ல எந்தத் தெருவுல வேணா போய் வழி கேக்கறானே சார்!” நாம் ஆயத்தம் செய்தது பயன்படவில்லை.

நடிகர்களைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாடு. ஊர்த்தெரு மாணவர் நால்வர் ஆசையாகப் பெயர் கொடுத்தனர். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனவர்களில் ஒருவரும் நடிக்க வரவில்லை. ஏரிக்கரையில் முன்னே போய்விடும் அந்தப் பையன் மட்டும் வந்து, “நான் கேமரா புடிக்கறேன் சார்” என்றான். திரையில் முகம் தெரியாதல்லவா? படத்தின் நல்ல காட்சிகள் யாவும் அவன் எடுத்தவை. முடிவில் பெயர்ப் பட்டியல் எழுதும்போது, “என் பேரு மட்டும் வேணாம் சார்” என்றான். போடவில்லை. இன்று நீங்கள் பார்க்கும்போது ஒளிப்பதிவு என்பதற்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கும். அச்சுப் பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே இரண்டு பாத்திரங்களையும் காலனிப் பிள்ளைகளே ஏற்றனர். அவமதிக்கப்படும் பையனாக நடிக்கப் பலர் முன்வந்தனர். மற்றவனாக நடிக்க ஆளில்லை. வற்புறுத்தலின் பேரில் ஒருவன் ஒப்புக்கொண்டான். கடைத்தெருக் காட்சியில் ‘தெரியல மாமா’ என்ற வரி வந்ததும் நின்றுவிட்டான். ஏழு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. எட்டாம் முறை, கேட்டவர் நெஞ்சு அதிரும்படி இயல்பாகச் சொன்னான். பின்னர் நம்மிடம் தனியே வந்து, “இதை நான் நெசமாவே சொல்லியிருக்கேன் சார்” என்றான். ஏரிக்கு அப்பாலுள்ள இருளர் குடியிருப்புப் பையன் ஒருவன் ஆறாம் வகுப்புவரை அவனோடு ஒன்றாகப் படித்தவன். பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்ப் படிப்பு நின்றுவிட்டது. ஒரு நாள் தெருமுனையில் அவன் வந்து கையைப் பிடித்தபோது, உடனிருந்த நம் தெரு உறவினர் யாரென்று கேட்க, நம் பிள்ளை இதே விடையைச் சொல்லியிருக்கிறான்.

இதனை இந்த மேடையில் சொல்வது சிலருக்கு உவப்பாக இராது. சாதியைப் படிப்படியான சமமின்மை என்று அண்ணல் விளக்கியதை நாம் ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் ஒலிபெருக்கியில் சொல்கிறோம். அந்தப் படிகளில் நாமும் ஒரு படியில் நிற்கிறோம். நமக்குக் கீழே என்று சிலரைக் காட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பிள்ளைகள் அவ்வுண்மையையும் படத்தில் சேர்க்க வேண்டும் என்றனர். “வெளியே காட்டும் படத்தில் வீட்டுக் குறையைக் காட்டலாமா?” என்று பெரியவர்கள் கேட்டனர். நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஊர்ப்பையன் பின்னால் நிலமும் கோயிலும் ஊராரும் நிற்கிறார்கள். நம் பையன் பின்னால் அவை இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் அறியாதவன், அல்லது சூதுடையவன். ஆனால் இருளர் பையனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்? அரை நிமிடக் காட்சியாக அது படத்தில் இருக்கிறது. எடுத்துவிடச் சொன்னவர்களுக்கு நாம் இசையவில்லை.

முடிவைப் பற்றிய வாதம் இரண்டு வாரம் நடந்தது. ஆளுக்கொரு முடிவு எழுதி வரச் சொன்னோம். பெரும்பாலோர், பின்னணியில் பாட்டு ஒலிக்க இருவரும் கட்டித் தழுவுவதாக எழுதியிருந்தனர். நான்கைந்து பேர் எழுதியதில் காலனிப் பையன் கலெக்டர் ஆகிவிடுகிறான். அந்த மாமன் முதியோர் உதவித்தொகைக்கு மனு எடுத்துக்கொண்டு வருகிறார்! வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். ஒருவன், 2018இல் வந்த பரியேறும் பெருமாளில் உள்ளதுபோல் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டி முடிக்கலாம் என்றான். “அது அவங்க படம்டா” என்று ஒரு பெண் அவனை உட்கார வைத்தாள். பின்னர் அவளே கேட்டாள்: “எல்லா முடிவுலயும் நம்ம பையனே போய்ப் பேசறான். அவன் ஏன் சார் போகணும்?” அதற்குப் பின் வாதம் திசை மாறியது. படம் இப்போது இவ்வாறு முடிகிறது: பெஞ்சின் நடுவில் புத்தகப்பை. ஊர்ப்பையனின் கை அதன்மேல் வந்து படிகிறது. எடுத்தானா, விட்டானா என்று காட்டவில்லை.

கழக அறையில் பெற்றோருக்குக் காட்டியபோது ஒரு தாய், தம் மகன் இரண்டு மாதமாக ஒரு பெயரை ஏன் வீட்டில் எடுக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது என்றார். ஏரிக்கரையில் என்ன மாற்றம் என்று கேட்பீர்கள். சில நாள் இருவரும் சேர்ந்தே கரை இறங்குகிறார்கள். சில நாள் இல்லை. திருவிழா நாட்களில் இல்லவே இல்லை.

மாணவியர் இப்போது தங்கள் படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பையன்கள் நட்பு கடைத்தெருவில் முறிகிறது, எங்கள் நட்பு வீட்டுக்குள்ளேயே முறிகிறது என்கிறார்கள். வயதுக்கு வந்தபின் தோழி வீட்டுக்குப் போகக்கூடாது என்று தாய் ஒரு முறை சொன்னால் போதும். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை, அப்படியே நின்றுபோகிறது என்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிவரை கழகப் படிப்பறையின் சாவி வேண்டும். அதுவரை இருக்கத் தாய்மார்களின் அனுமதியும் வேண்டும். செயலாளர் அவர்கள் இம்மேடையிலேயே சாவிக்கு இசைவு தந்தால் நலம்.

வரும் சனிக்கிழமை மாலை இருளர் குடியிருப்பில் இப்படத்தைத் திரையிடச் செல்கிறோம். சூளைக்குச் சென்றவர்கள் திரும்பியிருக்கிறார்கள். எட்டு முழ வேட்டி ஒன்றும் ஒலிபெருக்கியும் தேவை. உடன்வர விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் பெயர் கொடுக்கலாம்.