மண்ணும் மறுப்பும்



திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி அமைந்துள்ளது. சற்றுத் தெற்கே, தண்டையார்பேட்டையில், குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அடங்கிய தர்கா உள்ளது. தொண்டியை அடுத்த குணங்குடியிற் பிறந்த அச்சூஃபிக் கவிஞர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். ஒருவர் அடங்கிய மண்ணைச் சமயம் கடந்து போற்றுவது இக்கரையின் மரபு. இறந்தவர்க்கு மண் தருதல், 'இவர் எம்மவர்' என்று ஒரு சமூகம் கூறும் கடைசிச் சொல்லாகும். அச்சொல்லைக் கூற மறுத்த இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றியதே இவ்வுரை.

எங்கேனும் வன்செயல் நிகழ்ந்தால், "இசுலாமியர் ஏன் கண்டிக்கவில்லை?" என்னும் வினா உடனே எழுகின்றது. கண்டனங்களுக்குக் குறைவில்லை. 1866இல் நிறுவப்பெற்ற தேவ்பந்த் தாருல் உலூம், 2008 பிப்ரவரி 25 அன்று பல பிரிவுகளைச் சார்ந்த உலமாக்களை ஒருங்கு கூட்டி, பயங்கரவாதம் இசுலாத்துக்கு முரணானது என அறிவித்தது.

அவ்வாண்டு நவம்பர் 26 அன்று மும்பை தாக்கப்பட்டது. 166 பேர் மாண்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். தாக்கியவர் பதின்மருள் ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். மரைன் லைன்ஸில் உள்ள பெரிய கபரஸ்தானை நிருவகிக்கும் ஜும்ஆ மசூதி அறக்கட்டளை அவர்களை அடக்க இடந்தர மறுத்தது. இறந்தவரைக் குளிப்பாட்டித் தொழுது அடக்குதல் இசுலாத்தில் 'ஃபர்ளு கிஃபாயா'. அதாவது, எவருமே செய்யாதுவிடின் ஊரார் அனைவரையும் குற்றம் சாரும் கூட்டுக் கடமை. அத்தகைய கடமையையே செய்ய மறுத்தமை எந்த அறிக்கையினும் வன்மை வாய்ந்த கண்டனம் எனலாம். ஓராண்டுக்கு மேல் பிணவறையிற் கிடந்த அவ்வுடல்களை 2010 ஜனவரியில் அரசே மறைவாகப் புதைத்தது.

தமிழகத்தின் அனுபவம் சற்று வேறானது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். அந்நினைவு ஆறாத நகரில், 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் முன் கார் ஒன்று வெடித்து, அதை ஓட்டி வந்தவர் இறந்தார். அவ்வுடலை ஏற்க ஜமாஅத்துகள் தயங்கின. முடிவில் ஒரு ஜமாஅத் இசைந்தது. அடுத்த சில நாட்களில் ஜமாஅத் நிருவாகிகள் அக்கோயிலுக்கே சென்று அங்குள்ளாரைக் கண்டு நல்லிணக்கம் பேசினர். மும்பையின் மறுப்பு கொடுஞ்செயலைத் தள்ளி வைத்தது. கோவையின் இசைவு அச்செயலைத் தள்ளியவாறே கடமையையும் காத்தது. இரண்டும் கண்டனத்தின் இரு முகங்களே.

இனி ஈழக்கரையை நோக்குவோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே ஈராண்டுகட்கு முன்பிருந்து அதிகாரிகளிடம் முறையிட்டு வந்தனர். அம்முறையீடு பயன் தரவில்லை. தாக்குதலுக்குப் பின், குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஓராண்டு சென்றது. கொள்ளைநோய்க் காலத்தில், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆகவேண்டும் என அரசு ஆணையிட்டது. பிறந்து இருபதே நாளான குழந்தையின் உடலும் தீயிலிடப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியிலேதான் தடை நீங்கிற்று. அதன்பின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

கொலைஞர்க்கு மண் மறுத்த சமூகத்துக்கே, அதன் குற்றமற்ற இறப்புகளுக்கு, மண் மறுக்கப்பட்டது. எவ்வளவு உரக்கக் கண்டித்தாலும், சந்தேகிப்போர் காதில் அது ஏறுவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. தானே முன்வந்து கூறும் கண்டனம் அறத்தின் குரல். நாள்தோறும் கேட்டுப் பெறும் கண்டனமோ, குற்றமற்றவரைக் கூண்டிலேற்றிப் பெறும் வாக்குமூலம். ஒருவன் செய்த கொலைக்கு அவனோடு பெயரும் தொழுகையும் மட்டுமே பொதுவாக உள்ள கோடிக்கணக்கானோர் விடை சொல்லக் கடவர் என்பது எந்த நீதி நூலுக்கும் ஒவ்வாது.

கவிஞர் பெருமக்களே, அவர்கள் பேசினார்களா என்னும் வினாவுக்கு வரலாறு விடை தந்துவிட்டது. காத்தான்குடியின் முறையீட்டைக் கேட்டிருக்க வேண்டியோர் ஏன் கேட்கவில்லை என்பதே எஞ்சி நிற்கும் வினா. அதனை எழுப்பும் கடமை, பிறர் குரலைச் செவிமடுத்தலையே தொழிலாகக் கொண்ட உங்களுடையது.