குண்ட என்றால் குட்டை
(திருப்பதி சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை கொட்டினால் நம் குடிசைக்குள் தண்ணீர் வருகிறது. பெருமாள் சோதிக்கிறார் என்கிறார்கள் சிலர். பெருமாள் தலையில் பழியைப் போட்டால் அதிகாரிகளுக்குத்தான் சௌகரியம்.

கொர்லகுண்ட, தாத்தையகுண்ட என்று இங்கே பேட்டைகளுக்குப் பெயர் இருக்கிறது. தெலுங்கில் குண்ட என்றால் குட்டை, செருவு என்றால் ஏரி. சேஷாசல மலையில் பெய்யும் மழை கீழே இறங்கி, ஏரி குளங்களை நிரப்பி, மிச்சம் சுவர்ணமுகி ஆற்றில் சேரும். முன்னோர் செய்த ஏற்பாடு அது. 1981இல் சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம் பேர் இருந்த ஊர், 2011இல் 2 லட்சத்து 87 ஆயிரமாயிற்று. தரிசனத்துக்கு வரும் கூட்டம் இந்தக் கணக்கில் சேராது. லாட்ஜுகளும் காலனிகளும் பெருகின, ஏரிகள் சுருங்கின.

2021 நவம்பரில் மலைத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. வழியில் வீதிகள் இருந்தன. அதே வாரம் ராயலசெருவின் கரை கசிந்தது. கிராமங்களைக் காலி செய்து, மணல் மூட்டை அடுக்கிக் கரையைக் காப்பாற்றினார்கள். பாராட்டுவோம். ஆனால் கரை பார்ப்பது வருஷா வருஷம் செய்கிற வேலையல்லவா? சித்தூரிலும் அந்த மாதம் நீவா ஆறு பொங்கியது. கோடையிலோ அங்கே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து நிற்கிறோம்.

நகரத்துக்கு முதலில் கல்யாணி அணையிலிருந்து தண்ணீர் வந்தது. அது போதாமல் கண்டலேறிலிருந்து தெலுங்கு கங்கை வந்தது. வரட்டும். குழாய் தாகத்தைத் தீர்க்கும், வெள்ளத்தை வாங்கிக்கொள்ளுமா?

ஆக்கிரமிப்பு அகற்றம் என்றதும் புல்டோசர் முதலில் வருவது நம் ஓலைக் குடிசைக்கு. மாடிக் கட்டடத்துக்கு நோட்டீசு, ஸ்டே, வாய்தா. குளம் குட்டைகள் பொதுச் சொத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொல்லிவிட்டது. ஆந்திர சர்க்கார் 2002இல் நீர், நிலம், மரங்களுக்கென்று சட்டமே போட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை.

ரெவின்யூ ரிக்கார்டுப்படி ஒவ்வொரு ஏரியையும் அளந்து, எல்லையைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டு. இடிப்பதைப் பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கு. வேலூர், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து சித்தாள் வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் மனை கொடுத்த பிறகு குடிசையைத் தொடு. இவைதான் மனுவில் இருக்கின்றன.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். தண்ணீர் எந்த வீதியில், எந்த அளவு நின்றது என்பதைப் பக்கத்தில் சொல்லி எழுத வையுங்கள்.