ஒலி சமைத்த இல்லம்

வீட்டிலிருந்தவாறே மின்னிசை பயில விரும்பும் இளைஞர் இந்நாளிற் பலர். ஒரு கணினியும் ஹெட்போனும் இருந்தாற் போதும், தொழிலைத் தொடங்கிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். எண்ணம் தவறன்று. ஆயினும், கருவி எளிதிற் கிடைத்துவிட்டமையாற் கல்வியும் எளிதாயிற்று என்று கொள்வதற்கில்லை. கணினி வீட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கலையை வீட்டில் வைத்து வளர்த்த ஒருவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

டாஃப்னி ஓரம் என்னும் அம்மையார் 1925 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிற் பிறந்தவர். அரச இசைக் கல்லூரியிற் கிடைத்த இடத்தை ஏலாது, போர்க்காலத்திலே பி.பி.சி. வானொலியிற் பணிக்குச் சேர்ந்தார். இசை நிகழ்ச்சிகளில் ஒலிவாங்கிகளின் அளவைச் சமன்செய்வது அவர் வேலை. இலண்டன் அல்பேட் மண்டபத்திற் கச்சேரி நடைபெறும்போது, அதே இசையின் இசைத்தட்டை மேடையிசையோடு ஒத்தியங்குமாறு ஓடவிட்டுக் காத்திருப்பதும் அவர் கடமையாயிற்று. குண்டுவீச்சினாற் கச்சேரி தடைப்படின், நேயர் அறியாவண்ணம் தட்டிசைக்கு மாறிவிட வேண்டும். செவியை இதனினும் கடுமையாகப் பழக்கும் பள்ளி வேறு யாது?

இரு வாத்தியக் குழுக்களும் முன்னரே பதிந்த இசைத்தட்டுகளும் கலந்து ஒலிக்கும் 'ஸ்டில் பொயின்ற்' என்னும் ஆக்கத்தை 1949 ஆம் ஆண்டளவில் அவர் இயற்றினார். நிலையத்தார் அதனை ஏற்கவில்லை. அவர் மறைந்து 15 ஆண்டுகள் சென்றபின், 2018 இல், அதே அல்பேட் மண்டபத்தில் அது ஒலித்தது.

பின்னர் ஒலிநாடா வந்தது. பகல் வேலை முடிந்து ஏனையோர் வீடு சென்றதும், கலையகங்களிற் கிடந்த நாடாப் பதிவுக் கருவிகளை ஓரிடத்திற் கூட்டி, இரவிரவாகப் பரிசோதித்து, காலையில் அவற்றை உரிய இடங்களிற் சேர்த்துவிடுவாராம். அவ்வாறு கற்ற பாடங்கள் இன்றும் மாறாதவை. ஒவ்வோர் ஒலிக்கும் தொடக்கம், நிலை, ஒடுக்கம் என்னும் பருவங்கள் உண்டு. ஆலயமணி, நாவு மோதிய கணத்திலேயே முழு வலிமை பெற்று, மெல்ல மெல்ல ஒடுங்குகின்றது. அவ்வோசையைப் பதிந்து, மோதும் முதற்கணத்தை மாத்திரம் வெட்டி நீக்கினால், எஞ்சியதை மணியென்று செவி எளிதில் ஒப்புக்கொள்ளாது. நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினாற் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். ஒலியும் இருமடங்கு நீளும். நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுமாயின், ஓர் அங்குலத்தில் அடங்குவது செக்கனிற் பதினைந்தில் ஒரு பங்கு. காலத்தை அடிமட்டத்தால் அளந்து கத்தியால் வெட்டிய காலம் அது! 1963 இல் 'டொக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை, றொன் கிரெய்னரின் மெட்டுக்கு அமைய, டீலியா டேர்பிஷயர் அம்மையார் உருவாக்கியதும் இவ்வாறு துண்டு துண்டாக ஒட்டியே.

1958 இல் பி.பி.சி. 'ரேடியோபோனிக் வேர்க்ஷொப்' என்னும் பிரிவை நிறுவியபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஓரம் அம்மையாரும் ஒருவர். நாடகங்களுக்கு வேண்டிய ஓசைகளே அங்கு பெரிதும் கேட்கப்பட்டன. அவர் நாடியதோ இசை. மறு ஆண்டிலேயே பதவியைத் துறந்தார். மாதச் சம்பளம் பெறும் எவரும் இச்செயலின் பாரத்தை அறிவர்.

கென்ற் பகுதியில், ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களை உலர்த்துதற்குக் கட்டப்பட்ட பழைய சூளைவீடு ஒன்று அவர் இல்லமும் கலையகமும் ஆயிற்று. விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் ஓசை அமைத்து வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டார். எஞ்சிய பொழுதில் 'ஓரமிக்ஸ்' என்னும் இயந்திரத்தை அமைத்தார். அது வரையும் கோட்டை ஒலியாக்கும் பொறி. 35 மில்லிமீற்றர் படச்சுருள் பத்து அருகருகே ஓடும். அவற்றின்மீது தீட்டிய கோடுகளும் புள்ளிகளும் ஒளியை மறைத்தும் விடுத்தும் சுருதியையும் வலிமையையும் அசைவையும் ஆளும். அலையின் வடிவத்தையோ கண்ணாடித் தகட்டிற் கையாலேயே வரைதல் வேண்டும். கல்பெங்கியன் அறநிலையம் 1962 இலும் 1965 இலும் பொருளுதவி செய்தது. ஆயினும் அப்பொறி எங்கும் பரவவில்லை. கணினி அதனை முந்திவிட்டது. 2003 இல் அவர் காலமானார். அவர்தம் பொறி 2011 இல் இலண்டன் விஞ்ஞான அரும்பொருட்சாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓடவிட்டன்று, பார்வைக்கு மாத்திரமே.

இன்றைய மாணவனுக்குப் பொறியை அமைக்கும் தொல்லை இல்லை. 'ஓடாசிற்றி' போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் ஆயத்த ஒலிகள் ஆயிரக்கணக்கில் முன்னே குவிந்து கிடப்பதனால், ஓர் ஒலி எதனால் ஆனது என்று கேட்டறியும் வழக்கம் அருகிவருகின்றது. சோற்றுப் பொதி வாங்கி உண்பவனைச் சமையற்காரன் என்று எவரும் சொல்வதில்லையே.

வீணையின் ஷட்ஜமும் நாகசுரத்தின் ஷட்ஜமும் ஒரே சுருதியாயினும் வேறாக ஒலிப்பது, அடிப்படை ஒலியோடு சேர்ந்தெழும் மேலொலிகளின் அளவினால். தம்புராவின் குதிரைமேல் தந்தியின் கீழே செருகிய நூலிழையைச் சற்றே நகர்த்தினாலும் அவ்வளவு மாறிவிடும். பயில்வோன் செய்யத்தக்கது இது: செக்கனுக்கு 100 அதிர்வுடைய தூய ஒலி ஒன்றை எழுப்புக. 200 அதிர்வுடையதை அதில் அரைப்பங்கு வலிமையோடும், 300 உடையதை மூன்றிலொரு பங்கோடும் சேர்த்து, இவ்வாறே மேலும் ஏழெட்டு ஒலிகளைக் கூட்டுக. முதலில் மொட்டையாக இருந்தது படிப்படியாகக் கூர்மை பெறுவதைச் செவி அறியும். பின்பு வடிகட்டியால் மேலொலிகளை ஒவ்வொன்றாக நீக்கி, எது எப்போது மறைகின்றது என்று கவனிக்க. ஹெட்போனிற் கேட்டதைச் சிறிய வானொலிப்பெட்டியின் ஒலிபெருக்கியிலும் கேட்டு ஒப்பிடுதல் நன்று. அடித்தள ஒலிகள் அங்கே காணாமற் போயிருக்கும். ஒரு கிழமை இதிற் சென்றாலும் நட்டமில்லை. அதன் பின்னர் ஆலயமணிக்கு வரலாம். மணியின் மேலொலிகள் இவ்வாறு முழு மடங்குகளாக அமைவதில்லையாதலால், அதனைச் சமைக்க முற்படுவோர்க்கு ஓரிரவு போதாது.