நடக்க இயலாதவரும் நடக்கும் நாள்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 3ஆந் திகதியை அங்கவீனமுற்றோருக்குரிய சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1992ஆம் ஆண்டிலே பிரகடனம் செய்தது. அந்நாளிலே மடுல்சீமைக் கடைத்தெருவிலிருந்து பசறைப் பாதையில் ஒரு நடைபவனி சென்று நிதி திரட்ட நம் வாலிபர்கள் எண்ணியிருக்கிறார்கள். நீங்களும் அதிலே சேரவேண்டும் என்று கேட்கவே இங்கு நிற்கிறேன்.

நடப்பது நமக்குப் புதிதன்று. கதிர்காமக் கந்தனை நாடிப் பாதயாத்திரை போகும் அடியார்களை இந்த ஊவா நாடு நெடுங்காலமாக அறியும். அதற்கு அப்பாலும் ஒரு நடை நமக்கு உண்டு. நம் முன்னோர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையிலே நடந்துதான் மலைநாட்டை அடைந்தார்கள். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முன்னோர் நடந்த அந்த வழியிலே நோயுற்று விழுந்தவர்கள் கதி என்ன? பலர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். கூட்டம் முன்னே போயிற்று. அது அன்றைய கொடுமை. இன்று நாம் அதையே செய்யவில்லை என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா?

எங்கள் லயத்திலே எனக்கொரு தோழன் உண்டு. பிறவியிலேயே இரு கால்களும் வலுவற்றவன். கணக்கிலே என்னைவிட வல்லவன். அவன் தாயார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகுமுன், அவனை முதுகிலே சுமந்து படியேறிப் பாடசாலையில் விட்டுச் செல்வார். நாலாம் வகுப்புக்கு வந்தபோது அவன் வளர்ந்துவிட்டான்; தாயால் சுமக்க முடியவில்லை. படிப்பு அத்தோடு நின்றது. பிள்ளை வளர்ந்தது ஒரு குற்றமாயிற்று! அந்தப் படிகளிலே நான் நாள்தோறும் துள்ளி ஓடினேன். ஒருநாளாவது அவனுக்காக நின்றதில்லை. இன்று நான் பல்கலைக்கழக மாணவன். அவன் லயத்து இஸ்தோப்பிலே உட்கார்ந்திருக்கிறான்.

இந்த நடைபவனியைப் பற்றி அவனிடம் பெருமையோடு சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்காக நடக்கப் போறியா, இல்லாட்டி என்னையும் கூட்டிக்கிட்டு நடக்கப் போறியா?" என்றான். என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

பெரியபுராணம் கூறும் தண்டியடிகள் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பிறவியிலேயே கண்ணில்லாதவர் அவர். திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்ட விரும்பினார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிச் சென்று மண் சுமந்தார். கண் இல்லாமை அவரைத் தடுக்கவில்லை. பகைத்தோர் தறியையும் கயிற்றையும் பறித்தபோதுதான் அவர் பணி நின்றது. நான் படித்த மிஷன் பாடசாலையிலே வேறொரு கதை கேட்டேன். நடக்கமாட்டாத ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்துவந்து, வாசலில் கூட்டம் மிகுந்திருந்ததால் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்களாம். இரு கதைகளும் சொல்வது ஒன்றே: குறை உடலிலே மட்டும் இல்லை, கயிறு கட்டாத கரையிலும், வழிவிடாத வாசலிலும் இருக்கிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோரில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனும் ஓர் இயலாமையோடு வாழ்கின்றனர். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சர்வதேச உடன்படிக்கையையும் இலங்கை 2016ஆம் ஆண்டிலே ஏற்று உறுதிசெய்தது. ஆனால் சட்டம் கொழும்பிலே இருக்கிறது. படிகள் நம் தோட்டத்திலே இருக்கின்றன.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, நடைபவனியின் முன்வரிசையில் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வருவோர் செல்லட்டும். அவர்களுடைய வேகமே நம் வேகமாகட்டும். பசறையை அடையாவிட்டாலும் குற்றமில்லை. ஒருவரையும் பின்னே விட்டு வராதிருப்பதே பெரிது. இரண்டாவது, சேரும் பணத்தை ஒருநாள் அன்னதானத்தோடு முடித்துவிடாமல், பாடசாலைக்கும் கோயிலுக்கும் படிகளின் அருகே சாய்வுப் பாதை அமைக்கச் செலவிடுவோம். மூன்றாவது, லயம் லயமாகச் சென்று, வீட்டுக்குள்ளே இருப்பவர் யார் யார் என்று எழுதி, பிரதேச செயலகத்திலே அவர்களுக்கு உரிய உதவியைப் பெற்றுக் கொடுப்போம். சிமெந்தும் மணலும் தூக்கத் தோள்கள் நம்மிடம் இல்லையா?

பரிதாபப்பட்டுப் பத்து ரூபாய் கொடுப்பது எளிது. கூட நடப்பதுதான் அரிது. டிசம்பர் 3ஆந் திகதி காலையில் நான் முதலில் என் தோழன் வீட்டு இஸ்தோப்புக்குப் போவேன். பதினைந்து ஆண்டுகள் பிந்திப் போகிறேன். அவனைத் தூக்கிப் பாதைக்குக் கொண்டுவர இன்னும் மூவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?