ஆகாயப் படமும் தரிசுச் சீட்டும்

(வேப்பூரில் வெள்ளிக்கிழமைச் சந்தை கலைந்த பின்பு கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி கடவுளைப் பற்றியதோ சடங்கைப் பற்றியதோ அல்ல. ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கருவிகள் நமது பூமியைப் படம் பிடிக்கின்றன. அந்தப் படங்களுக்கு மனிதர்கள் பெயர் எழுதி வைக்கிறார்கள். எழுதிய பெயர்களைப் பார்த்து ஓர் இயந்திரம் பாடம் கற்றுக்கொள்கிறது. பிறகு அது உலகத்து நிலத்துக்கெல்லாம் "இது காடு, இது வயல், இது தரிசு" என்று தீர்ப்புச் சொல்லுகிறது. இது பட்டணத்தில் படித்தவர்கள் சமாச்சாரம், ஆடு மேய்க்கிறவனுக்கும் மக்காச்சோளம் போடுகிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தீர்ப்பு உங்கள் கொல்லையின் மேல் சொல்லப்படுகிறதே, ஆகவே உங்களிடந்தான் இதைப் பேச வேண்டியிருக்கின்றது.

அமெரிக்கர்கள் 1972இல் லேண்ட்சாட் என்ற கருவியை அனுப்பினார்கள். நமது நாட்டார் 1988இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்பதை அனுப்பினார்கள். ஐரோப்பியர்கள் 2015இல் அனுப்பிய சென்டினல் 2 என்பதற்கு 2017இல் ஒரு ஜோடியும் சேர்ந்து, இரண்டுமாக ஐந்து நாளைக்கு ஒரு தரம் ஒரே இடத்தைப் படம் பிடிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற நிறமும் தெரியாத நிறமுமாகப் பதின்மூன்று வகை ஒளியை அளக்கிறது. அவற்றில் நான்கை 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டமாக அளக்கிறது. நமது கணக்கில் ஒரு கட்டம் இரண்டரை சென்ட். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, அதற்கடுத்துள்ள கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அந்த ஒளியையும் விழுங்கிவிடும். காய்ந்த மண் வேறு மாதிரி. இவ்வளவுதான் அடிப்படை. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. இந்தக் கருவிகளைச் செய்து ஏவுகிற பெரிய விஞ்ஞானிகளே ஏவுவதற்கு முன்னால் அதன் பொம்மையைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து வருகிறார்கள் என்பது வேறு கதை. பொம்மை திருப்பதிக்குப் போனதால் கருவி மேலே போகவில்லை, கணக்குச் சரியாயிருந்ததால் போயிற்று என்பது அவர்களுக்கும் தெரியும்.

கருவி கொண்டுவந்து கொடுப்பது ஒளியின் அளவு, அதாவது வெறும் எண்கள். ஒரு கட்டத்துக்குப் பதின்மூன்று எண். அந்த எண்ணுக்கு நெல் தெரியாது, மல்லாட்டை தெரியாது, சுடுகாடு தெரியாது. ஒரு மனிதன் படத்தின் முன் உட்கார்ந்து "இந்தக் கட்டம் நெல், அந்தக் கட்டம் வீடு" என்று சீட்டு ஒட்டவேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் ஒட்டிக் காட்டினால், எந்த மாதிரி எண்ணுக்கு எந்தச் சீட்டு என்பதை இயந்திரம் பிடித்துக்கொள்ளும். பிறகு சீட்டு இல்லாத படத்தைக் கொடுத்தால் அதுவே ஒட்டிவிடும்.

விருத்தாசலத்துப் பீங்கான் கொட்டகையில் வேலை செய்கிற தோழர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றினால் அச்சு எப்படியோ அப்படிப் பொம்மை வரும். அச்சில் மூக்குக் கோணலென்றால் ஆயிரம் பிள்ளையாருக்கும் மூக்குக் கோணல்தான். களிமண்ணைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, சூளையைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. அச்சு வெட்டியவன் யார் என்று கேட்க வேண்டும்.

ஆகவே சீட்டு ஒட்டியவன் யார், எந்த ஊரைப் பார்த்து ஒட்டினான் என்று நாம் கேட்கின்றோம்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்க உலகெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் கையாளுகிற படத்தொகுதி ஒன்றுக்கு யூரோசாட் என்று பெயர். 27,000 படங்கள், பத்து வகைச் சீட்டுகள். படங்களெல்லாம் ஐரோப்பாவின் 34 நாடுகளில் எடுத்தவை. அதில் "ஆறு" என்று ஒரு சீட்டு, "கடல் அல்லது ஏரி" என்று ஒரு சீட்டு. நமது ஏரியை அதில் எங்கே வைப்பது? கார்த்திகையில் பார்த்தால் தண்ணீர். தையில் ஓரத்தில் பயிர். சித்திரையில் வெடித்த மண், அதில் ஆடு மாடு. சில ஏரியின் வயிற்றுக்குள் கருவேல மரங்கள் நிற்பதால் மேலே இருந்து பார்த்தால் அது காடு. வருஷம் முழுதும் தண்ணீர் நிற்கும் ஏரியையே பார்த்த இயந்திரம் நமது ஏரியைச் சித்திரையில் பார்த்துத் தரிசு என்று சொன்னால், அது பொய் சொல்லவில்லை. தான் படித்ததைச் சொல்லுகிறது. படித்தது நமது ஊர்ப் பாடமல்ல.

இன்னொன்றையும் கேளுங்கள். 2022இல் கூகுள் கம்பெனியும் உலக வள நிறுவனமும் சேர்ந்து உலகம் முழுமைக்கும் ஒரு நிலப்படத்தை வெளியிட்டார்கள். அதற்காக ஏறக்குறைய 24,000 படத்துண்டுகளுக்கு மனிதர்கள் கையால் சீட்டு ஒட்டினார்கள். பெரிய உழைப்பு, நாம் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதில் உலகத்து நிலத்துக்கெல்லாம் ஒன்பதே பெட்டிகள்: தண்ணீர், மரம், புல், நீர் தேங்கிய செடி, பயிர், புதர், கட்டடம், வெறுமண், பனிக்கட்டி. பனிக்கட்டிப் பெட்டி வேப்பூருக்கு எதற்கு? அதைத் தள்ளிவிட்டால் நமக்கு எட்டுப் பெட்டிதான் மிச்சம். மேய்ச்சல் என்ற பெட்டி இல்லை. ஒரு போகம் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் கொல்லைக்கும் தனிப் பெட்டி இல்லை. அது புதர் என்றாவது வெறுமண் என்றாவது போய் விழவேண்டியதுதான். நான்கு வருணத்துக்குள் எல்லா மனிதரையும் அடைத்துவிட்டு, அடங்காதவனுக்கு ஐந்தாவது பெயர் வைத்து வெளியே தள்ளிய சாஸ்திரத்தை நாம் அறிவோம். பெட்டி போடுகிறவன் தன் சௌகரியத்துக்குப் போடுவான் என்பது நமக்குப் புதிதல்ல.

இப்போது தரிசுக்கு வருவோம். இதில்தான் நமது வயிறு இருக்கிறது.

தரிசு என்றால் என்ன? ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெள்ளைக்கார சர்க்கார் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதுவல்ல. சாகுபடி செய்து கிஸ்தி கட்டாத நிலத்துக்கு அந்தப் பெயர். அதிலும் தீர்வை விதித்த தரிசு, தீர்வை விதிக்காத தரிசு என்று இரண்டு. சர்க்காருக்குக் காசு வராத நிலம் தரிசு! மாடு மேய்ந்தால் என்ன, ஏழைப் பெண்கள் விறகு பொறுக்கினால் என்ன, மருந்துக்குப் பச்சிலை பறித்தால் என்ன, அதெல்லாம் கணக்கில் ஏறாது. அந்தப் பெயர்தான் பிறகு ஆகாயப் படத்துக்கும் ஒட்டப்பட்டது. மத்திய சர்க்காரின் நிலவளத் துறையும் ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து தரிசு நிலப் படப்புத்தகம் என்று வெளியிட்டு வருகின்றன. 2019இல் வந்த பதிப்பின்படி இந்தியாவில் தரிசு 5 கோடியே 57 லட்சம் ஹெக்டேர், அதாவது நாட்டின் பரப்பில் 100க்கு 17 பங்கு. புதர் மண்டிய நிலமும் அதில் சேர்த்தி, சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும் அதில் சேர்த்தி.

தோழர்களே! இன்று காலையில் இந்த ஊர்ச் சந்தையில் விற்ற ஆடுகள் எதைத் தின்று வளர்ந்தன? சுற்று வட்டாரத்து ஆடெல்லாம் இந்த வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருகின்றன, தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் லாரி லாரியாக வெளியூருக்குப் போகின்றன. அந்த ஆடு நஞ்சையில் மேயவில்லை. புஞ்சையில் விட்டால் பட்டாதாரர் காலை ஒடிப்பார். புறம்போக்கிலும், ஏரி வயிற்றிலும், அறுத்து முடிந்த கொல்லையிலும், எதைத் தரிசு என்று எழுதி வைத்திருக்கிறார்களோ அதிலும் மேய்ந்த ஆடுதான் அவ்வளவும். நிலமில்லாத குடும்பத்தில் ஒரு பெண் நான்கு ஆடு வைத்திருந்தால் அதுதான் அவளுக்குப் பாங்கி, அதுதான் அவளுக்கு இன்ஷ்யூரன்ஸ். அந்த நிலத்தின் மேல் "வீண்" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால், அடுத்த நாள் ஒருவர் வந்து வீணாகக் கிடப்பதை நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பார். 2003இல் மத்தியத் திட்டக் கமிஷன் ஏற்படுத்திய கமிட்டி, தரிசிலெல்லாம் காட்டாமணக்கு நட்டு டீசலுக்குப் பதில் எண்ணெய் எடுக்கலாம் என்று யோசனை சொல்லிற்று. எண்ணெய் எவ்வளவு வந்தது என்பது நட்ட விவசாயிகளுக்குத் தெரியும். இனிமேல் சூரிய மின்சாரத்துக்கோ தைல மரத்துக்கோ அந்த நிலம் வேண்டும் என்றாலும் முதலில் அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அங்கே மேய்க்கிறவளைக் கேட்காமல் "வீண்" என்று எழுத எவனுக்கும் யோக்கியதை இல்லை என்றுதான் சொல்லுகிறோம்.

மரத்தின் கதையும் இதே கதைதான். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் விதிப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் 100க்கு 10 பங்கு மர நிழல் இருந்தால், நிலம் யாருடையதானாலும், மரம் எதுவானாலும் அது வனப் பரப்பு. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் இந்த விதிக்குள் அடங்குமல்லவா? முந்திரிக்காடு என்று நாமும்தான் சொல்லுகிறோம். ஆனால் கொட்டை பொறுக்குகிற காட்டையும் நரி வாழ்கிற காட்டையும் நாம் ஒன்றென்று நினைப்பதில்லை.

இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க்கு வாங்கியிருக்கிறதே, பிறகு என்ன சந்தேகம் என்று சில படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த மார்க்கு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். சீட்டு ஒட்டிய படங்களில் ஒரு பகுதியை இயந்திரத்துக்குக் காட்டாமல் மறைத்து வைப்பார்கள். பாடம் முடிந்தபின் மறைத்ததை எடுத்துக் கேட்பார்கள். அது சொன்னதும் சீட்டில் உள்ளதும் ஒத்தால் மார்க்கு. நல்ல முறைதான். ஆனால் மறைத்த படத்துக்கும் சீட்டு ஒட்டியவர் அதே ஆசாமியானால்? மேய்ச்சலைத் தரிசென்று அவர் ஒட்டியிருந்து, இயந்திரமும் தரிசென்று சொன்னால் அதற்கு முழு மார்க்கு! மேய்ச்சல் என்று சரியாகச் சொன்னால் சைபர்! வாத்தியாரே தப்பாகச் சொல்லிக்கொடுத்து அவரே தாள் திருத்தினால் பையன் தேறாமல் என்ன செய்வான்? நிலத்துக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதிய சீட்டைக் கொண்டு பரீட்சை வைத்தால்தான் அது பரீட்சை. நல்ல ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளுகிறார்கள், செய்தும் வருகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் சண்டையில்லை. படத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு "ஆகாயத்திலிருந்து பார்த்தது பொய்யாகுமா" என்கிறவரோடுதான் சண்டை. பழைய அசரீரிக்கும் இந்தப் பேச்சுக்கும் வித்தியாசம் என்ன?

பணம் கைமாறும் இடத்திலும் இது வந்துவிட்டது. 2016-17 வறட்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேகத்தையும் ஊடுருவும் ரேடார் படங்களைக் கொண்டு நெற்பயிரைக் கணக்கிட்டது, பயிர் இன்ஷ்யூரன்ஸ் நஷ்டஈட்டுக்குப் பயன்பட்டது. விவசாயிக்கு உதவிய காரியம் அது, மறைக்க வேண்டியதில்லை. 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சல் கணக்கில் 100க்கு 30 பங்கு இப்படிப்பட்ட கருவிக் கணக்குக்கு என்று மத்திய சர்க்கார் திட்டம் செய்தது. நாளைக்கு உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் வரலாம். பத்து சென்ட் உளுந்து என்றால் நான்கு கட்டம். அந்த நான்கில் இரண்டு வரப்பிலும் பக்கத்துக் கொல்லையிலும் பாதி பாதி விழும். சின்ன நிலக்காரனுக்குத்தான் சீட்டுத் தப்பும், பெரிய பண்ணைக்குத் தப்பாது. இதையும் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டாமா?

இயந்திரமே வேண்டாம், பழைய கணக்குப்பிள்ளையே போதும் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துவிட வேண்டாம். பரம்பரைக் கர்ணம் எழுதியதுதான் எழுத்து என்றிருந்த காலத்தில் எவன் நிலம் எவன் பேருக்கு ஏறிற்று என்பது நமது பாட்டன்மாருக்குத் தெரியும். 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பின், தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று கொடுத்த பஞ்சமி நிலம் இன்று எத்தனை அவர்கள் கையில் இருக்கிறது? 1980இல் அந்தப் பரம்பரை உத்தியோகம் ஒழிந்தது நல்லதாயிற்று. ஆகாயக் கருவி லஞ்சம் கேட்காது, ஜாதி கேட்காது, மேலத்தெரு வயலையும் காலனிக் கொல்லையையும் ஒரே கட்டத்தில் அளக்கும். அந்த நேர்மை நமக்கு வேண்டும். அதனால்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பழைய கர்ணம் வேறு வேஷத்தில் வந்து உட்காரக் கூடாது என்கிறோம்.

2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கு என்று வேளாண்மைக் கல்லூரி மாணவர்களைச் செல்பேசியோடு வயல் வயலாக அனுப்பினார்கள். கிராம அதிகாரிகள் மாட்டோம் என்றதால் பிள்ளைகள் தலையில் விழுந்தது. பாம்பும் சேறுமுள்ள இடத்துக்குப் படிக்கிற பிள்ளைகளை அனுப்பலாமா என்று கண்டித்தவர்கள் உண்டு, அந்தக் கண்டனம் நியாயமே. ஆனால் வயலில் நின்று எழுதிய சீட்டுத்தான் சீட்டு என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டார்கள். நமது சிறு ஊர்களில் பெண்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எந்தத் தேசத்துத் தெருவிலோ போகிற மோட்டாருக்கும் மனிதருக்கும் சீட்டு ஒட்டிக் கூலி வாங்குகிறார்கள். தங்கள் ஊர் ஏரிக்குச் சீட்டு ஒட்ட அவர்களை யார் கேட்டார்கள்?

நமது கோரிக்கை பெரிதல்ல. வருஷத்துக்கு ஆறு தரம் கிராம சபை கூடுகிறது. நமது ஊர் நிலத்துக்கு என்னென்ன சீட்டு ஒட்டியிருக்கிறது என்பதைப் புல எண்ணோடு தமிழில் அங்கே சுவரில் ஒட்ட வேண்டும். எந்த மாதத்துப் படம் என்று தேதி போட வேண்டும். மேய்ச்சல், ஏரி வயிறு, மழைக்குக் காத்திருக்கும் கொல்லை இவற்றுக்குத் தனிப் பெயர் வேண்டும். தப்பென்று சொல்லுகிறவர் சொல்லை எழுதிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நமது தோழர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தின் படத்தைச் சித்திரையில் எடுத்தது ஒன்றும் கார்த்திகையில் எடுத்தது ஒன்றுமாக அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இவை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடிய படங்கள். கூட்டம் முடிந்ததும் மேசையின் மேல் விரித்து வைக்கப்படும், பக்கத்தில் பென்சிலும் இருக்கும். ஆடு மேய்க்கிற தாய்மார்கள் முதலில் வரட்டும். எழுதத் தெரியாதவர்கள் இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டாதாரர்கள் பிறகு வரலாம்.